இரண்டு சரணங்களுக்கு நடுவே

பழைய பாட்டைப் பற்றிப் பேச நாலு பேர் உட்கார்ந்தால், பத்து நிமிடத்துக்குள் பேச்சு மூன்று பெயர்களில் வந்து நின்றுவிடும். டி.எம்.எஸ்., சுசீலா, கண்ணதாசன். ஐந்தாவதாக ஒருவர் வந்து சேர்ந்தால் பி.பி.ஸ்ரீனிவாஸ் கட்சி ஒன்று முளைக்கும். அதற்குப் பிறகு எம்.ஜி.ஆர். பாட்டா சிவாஜி பாட்டா என்று சண்டை. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானும் குரலை உயர்த்துகிறவன்தான். ஆனால் பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் ஓர் இருபது முப்பது விநாடி ஓடுகிறதே, அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் யாராவது ஒருவர், “இந்தப் படம் எந்த வருஷம் சார்?” என்று கேட்பார்.

என் காது போய் உட்காருவது அங்கேதான். குறிப்பாக இசையமைப்பாளர்கள் விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரும் சேர்ந்திருந்த காலத்தின் கடைசிப் பகுதி, 1961 முதல் 1965 வரை. இடையிசை அதற்கு முன்னும் இருந்தது. பின்னால் இளையராஜா வந்து அதை வேறு உயரத்துக்கே கொண்டுபோனார். ஆனாலும் வாத்தியம் பாடகரோடு சரிசமமாக உட்கார்ந்து, அவரை மீறாமலும் அவருக்குப் பயப்படாமலும் பேசியது அந்த ஐந்து வருஷத்தில்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் முழுக்கப் படித்துவிட்டுச் சண்டைக்கு வரலாம்.

இருவரும் இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன் குழுவில் வளர்ந்தவர்கள். ராமமூர்த்தி திருச்சிக்காரர், வயலின் வாசிக்கிற குடும்பம். விஸ்வநாதன் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்தவர். கோவையில் ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஆர்மோனியத்தைக் கைவசப்படுத்தியவர். 1952-இல் சுப்பராமன் 28 வயதிலேயே போய்ச் சேர்ந்தார். அவர் பாதியில் விட்டுப்போன வேலைகளை முடித்துக் கொடுத்தவர்கள் இவர்கள். அதே வருஷம் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ படத்தில் இரட்டைப் பெயர் திரையில் வந்தது. 1963-இல் சிவாஜி கணேசன் கையால் ‘மெல்லிசை மன்னர்கள்’ பட்டம்.

ஒருவர் கையில் வயலின், மற்றவர் கையில் ஆர்மோனியம். இதை நான் தகவலுக்காகச் சொல்லவில்லை. ஆர்மோனியத்தில் சுரத்தை வளைக்க முடியாது. கட்டையை அழுத்தினால் சுரம் இருக்கிற இடத்தில் இருக்கும், அவ்வளவுதான். வயலினில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு இழைத்துக்கொண்டே போகலாம். இவர்கள் பாட்டில் மெட்டு பெரும்பாலும் நேராக, யார் வேண்டுமானாலும் குளியலறையில் பாடிப் பார்க்கிற மாதிரி இருக்கும். அதற்கு வருகிற பதில் மட்டும் வளைந்து குழைந்து வரும். மெட்டு சொல்லாமல் விட்டதை இடையிசை சொல்லும். யார் பங்கு எது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கேட்கும்போது அறையில் இரண்டு பேர் இருப்பது தெரிகிறது.

அந்த அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடம்பாக்கம், வடபழனி ஸ்டுடியோக்களில் அன்றைக்குப் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் பாடி, வாசித்துத்தான் பதிவு. நாற்பது பேர் சரியாக வாசித்து நாற்பத்தோராவது ஆள் வில்லைத் தவறாகப் போட்டால், முதலிலிருந்து இன்னொரு டேக். பாடகரும் மறுபடி முதலிலிருந்து. இப்போது மாதிரி வாத்தியத்துக்கு ஒரு டிராக், குரலுக்கு ஒரு டிராக் என்று தனித்தனியாகப் பிடித்துப் பிற்பாடு ஒட்டுகிற வசதி கிடையாது. எது உரக்கக் கேட்க வேண்டும், எது தணிந்து கேட்க வேண்டும் என்பதைப் பாதி மைக்கிலிருந்து ஆள் உட்கார்ந்திருக்கும் தூரமே முடிவு செய்தது. ஆகவே அந்தக் காலப் பாட்டைக் கேட்கும்போது நாம் கேட்பது பாட்டை மட்டுமல்ல, ஒரு கூடத்தையும்தான். வயலின்கள் பின்சுவரை ஒட்டி இருக்கும். அக்கார்டியன் கொஞ்சம் முன்னால். போங்கோ ஓரமாக. கண்ணை மூடிக்கொண்டால் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கிட்டத்தட்டக் கைகாட்டிவிடலாம்.

கூடவே இன்னொரு கட்டுப்பாடு. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பத்தங்குல அரக்கு இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் சில விநாடியும்தான் கொள்ளும். அதற்கு மேல் போனால் பாட்டை இரண்டாக அறுத்து, மீதியைத் தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும். படத்தில் மூன்று சரணம் இருந்தால் தட்டில் இரண்டோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. மூன்று நிமிடத்தில் பல்லவி, சரணங்கள், அவற்றுக்கு நடுவே வாத்தியங்களின் பேச்சு எல்லாம் அடங்கியாக வேண்டும். வளவளவென்று பேச இடமே இல்லை. அந்த இடையிசைகள் இத்தனை கச்சிதமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அந்தத் தட்டு என்று நினைக்கிறேன்.

‘ஆலயமணி’ (1962) படத்தில் சிவாஜியும் சரோஜாதேவியும் வருகிற காதல் பாட்டு ஒன்று. மாணிக்கக் கல்லைப் பற்றியது என்றால் உங்களுக்கே தெரிந்துவிடும். பாடகர் டி.எம்.எஸ். ஆனால் பாட்டு அவரிடம் தொடங்குவதில்லை, எல்.ஆர்.ஈஸ்வரியின் ஹம்மிங்கில் தொடங்குகிறது. அவருக்குப் பாட்டில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. முந்தைய வருஷம்தான் ‘பாசமல’ரில் தோழிகள் சூழ மணப்பெண்ணை அழைக்கும் பாட்டைப் பாடி, தமிழ்நாட்டுக் கல்யாண வீடு அத்தனையிலும் குடியேறியவர் அவர். அப்படிப் பேர் வாங்கிய பாடகியைக் கூப்பிட்டு, வரியே கொடுக்காமல் ஹம்மிங் மட்டும் கேட்டிருக்கிறார்கள். இது சிக்கனமா துணிச்சலா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். துணிச்சல்தான்.

அந்த ஹம்மிங் செய்கிற வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். வழக்கமாகக் குழலோ வயலினோ நிரப்புகிற இடங்களை ஒரு பெண்குரல் எடுத்துக்கொள்கிறது. டி.எம்.எஸ். ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் அது வந்து நிற்கும். அவர் அடுத்த வரியை எடுத்ததும் ஒதுங்கிக்கொள்ளும். அது வாத்தியமா ஆளா என்று முடிவு செய்ய முடியாத நிலையில் காது தவிக்கும். அவன் வார்த்தைகளில் பேசுகிறான், அவள் வார்த்தை இல்லாமலேயே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறாள். காதல் காட்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இதில் டி.எம்.எஸ். பாடியிருக்கும் விதத்தையும் கவனியுங்கள். கோயில் வாசலில் நின்று பாடினால் தெருக்கோடி வரை கேட்கும் தொண்டை அது. இங்கே ஹம்மிங்குக்கு இடம் விட்டுத் தணிந்து பாடுகிறார். 1965-இல் ‘பணம் படைத்தவன்’ படத்திலும் இதே ஜோடியை வைத்து இதே வித்தையைச் செய்தார்கள். அதுவும் அழகுதான். ஆனாலும் முதலாவதுதான் எனக்கு ஒரு மாற்றுக் கூடுதல்.

அதே 1962-இல் ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. ஏறக்குறைய முழுப் படமும் ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது. சாகக் கிடக்கும் கணவன் முத்துராமன், தனக்குப் பிறகு நீ அந்த டாக்டரையே கல்யாணம் செய்துகொள் என்று மனைவி தேவிகாவிடம் சொல்கிறான். டாக்டர் அவளுடைய பழைய காதலன். அவள் சிதாரை எடுத்து வைத்துக்கொண்டு, இதைச் சொன்னது நீயா என்று கேட்கிறாள். கத்திக் குமுறுவதற்கு எல்லா வசதியும் உள்ள காட்சி. அன்றைய வழக்கப்படி நாற்பது வயலின் வந்து இறங்கியிருக்கலாம். இவர்கள் சிதாரைத்தான் முன்னே நிறுத்தினார்கள். சிதாரின் சுபாவமே அதில் எழும் ஒலி உடனே தேய ஆரம்பிப்பது. மீட்டிய நொடியிலேயே கரையத் தொடங்குகிறது. பி.சுசீலாவின் குரலோ தேயாமல் ஒரே கனத்தில் நிற்கும் குரல். நிற்கிற குரலுக்குப் பக்கத்தில் தேய்கிற நாதம். கட்டிலில் ஒருவன், பக்கத்தில் ஒருத்தி என்பதை இசை தன் மொழியில் அப்படிச் சொல்லிவிடுகிறது. திட்டமிட்டுச் செய்தார்களா, கை தானாகப் போனதா, யார் கண்டது? படத்தைப் பார்க்காமல் வானொலியில் மட்டும் கேட்டவர்களுக்கும் அந்த ஆஸ்பத்திரி அறையின் நிசப்தம் வந்து சேர்ந்ததே, அதைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

1964-ஐ நினைத்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. பொங்கலுக்குக் ‘கர்ணன்’. சந்தூர், ஷெனாய் என்று வடக்கத்தி வாத்தியங்களும் இந்துஸ்தானி ராகங்களுமாக ஒரு மகாபாரதம். பிப்ரவரியில் ‘காதலிக்க நேரமில்லை’. அதில் எஸ்டேட் முதலாளி பாலையாவின் வீட்டு வாசலில் ரவிச்சந்திரன் வேலை கேட்டுப் போராட்டம் நடத்தும் பாட்டில், முதலாளியை விஸ்வநாதன் என்று பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். பாத்திரத்தின் பெயரும் அதுதான், இசையமைப்பாளர்களில் ஒருவர் பெயரும் அதுதான். ஒலிப்பதிவுக் கூடத்தில் அன்று எத்தனை பேர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்களோ! செப்டம்பரில் ‘புதிய பறவை’. சௌகார் ஜானகி மேடையில் நின்று பாடும் பாட்டுக்கு லத்தீன் தாளம். அதே மெட்டு பிற்பாடு சோகமாகத் திரும்பி வரும். அதே படத்தில், கனவில் சிவாஜி நிம்மதியைத் தேடி அலைகிற பாட்டுக்குப் பெரும்படை. ஒரே வருஷம், ஒரே இரண்டு பேர்.

அந்தப் பெரும்படைப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் எத்தனை வாத்தியம் என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். எண்ணிக்கையில் எனக்கு ஆர்வம் இல்லை. வயலின்களும் கோரஸும் மொத்தமாக எழுந்து வந்து, ஆள் தொலைந்தான் என்று தோன்றும்போது சட்டென்று விலகிக்கொள்ள, டி.எம்.எஸ். குரல் தனியாக நிற்கிற இடம்தான் எனக்குப் பாட்டு. இத்தனை பேரைக் கூட்டி வைத்தது அவர்களை நிறுத்திக் காட்டத்தான். கூட்டம் இல்லாவிட்டால் தனிமை தெரியாதல்லவா?

இந்தப் பாட்டெல்லாம் நம் காதுக்கு வந்த வழியும் விசித்திரம். பி.வி.கேஸ்கர் மத்திய ஒலிபரப்புத் துறை மந்திரியாக இருந்தபோது, சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியில் அதற்குக் கதவைச் சாத்தினார். ரசிகன் ரேடியோவின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிவிட்டான். 1957 அக்டோபரில் விவித பாரதி வந்த பிறகும் பழகின கை பழகின இடத்துக்கே போனது. இலங்கை வானொலியில் மயில்வாகனன் பேசிய தமிழைக் கேட்க, பாட்டைப் பொறுத்துக்கொண்டவர்கள்கூட உண்டு. அவருக்குப் பின்னால் ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, படுக்கப் போகும் நேரத்தில் ‘இரவின் மடியில்’. சிற்றலையில் பாட்டு கடல் மாதிரி வந்து வந்து போகும். நல்ல இடையிசை வருகிற நேரம் பார்த்து இரைச்சல் மூடிக்கொள்ளும். அடுத்த தடவை எப்போது போடுவார்களோ என்று காத்திருந்து, விட்டுப்போன துண்டைக் கேட்டு முடிப்போம். ஒரே பாட்டை மாதக் கணக்கில் துண்டு துண்டாகச் சேர்த்து முழுமையாக்கியவர்கள் என் தலைமுறையில் நிறையப் பேர்.

ஊரில் கல்யாணம், காதுகுத்து என்றால் மைக் செட்காரர் வந்து மரத்தில் குழாய் கட்டுவார். அந்தக் குழாய் ஒலிபெருக்கியில் அடித்தொனி எதுவும் வராது. பேஸ் கிட்டார் என்று ஒன்று பாட்டில் இருந்தால் அது மரத்தடியிலேயே செத்துவிடும். அடுத்த ஊர் வரை போய்ச் சேர்வது நடுத்தொனியும் மேல்தொனியும்தான்: குழல், ஷெனாய், அக்கார்டியன், சுசீலா. இந்த இருவரின் பாட்டு அந்தக் குழாயில் மற்ற பாட்டுகளைவிட நன்றாகக் கேட்டதற்கு அவர்கள் இந்த வாத்தியங்களின் மேல் வைத்திருந்த பிரியமும் ஒரு காரணம். இன்று தரமான ஹெட்போனில் கேட்டால்தான் பழைய பாட்டின் அருமை தெரியும் என்பவர்களிடம் நான் ஒத்துப்போவதில்லை. மோனோ ஒலிப்பதிவை ஹெட்போனில் கேட்டால் மொத்தக் கச்சேரியும் மண்டைக்கு நடுவில் வந்து குந்திக்கொள்ளும். மேஜை மேல் ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து, நாலடி தள்ளி உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். கூடம் திறக்கும்.

எண்பதுகளில் கேசட் பதிவு செய்து தரும் கடைகள் வந்தன. அறுபது நிமிட கேசட் ஒன்றை வாங்கிக் கொடுத்து, வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாள் கழித்துப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். பட்டியல் எழுதுவது ஒரு தனி வித்தை. பக்கத்துக்கு முப்பது நிமிடம், கணக்குத் தப்பினால் கடைசிப் பாட்டு நடுவில் அறுந்துபோகும். எங்கள் ஊர்க் கடைக்காரர் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் ஆளை எடை போடுவார். நான் கொடுத்த முதல் பட்டியலைப் பார்த்து, “எல்லாம் சோகமா இருக்கே தம்பி, நடுவுல ரெண்டு சந்திரபாபு போட்டுக்க” என்றார். போட்டுக்கொண்டேன். அவர் சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நாலு சோகப் பாட்டுக்குப் பிறகு ஐந்தாவது சோகம் காதில் ஏறாது.

எல்லாம் பொற்காலம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. அதே வருஷங்களில் இந்தி மெட்டை அப்படியே இறக்கி, தமிழ் வரியை மேலே ஒட்டிய பாட்டுகளும் வண்டி வண்டியாக வந்தன. இவர்கள் பாட்டிலேயே கோரஸ் சுருதி விலகி நிற்கும் இடங்கள் உண்டு. அவசரத்தில் முடித்த மூன்றாம் சரணங்கள் உண்டு. அவற்றை அப்படியே விட்டுவிடலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. பழைய பதிவை எடுத்துச் ‘சுத்தம்’ செய்கிறேன் என்று மேலே புது டிரம்ஸும் எதிரொலியும் ஏற்றி விற்பது. வத்தக் குழம்பில் பாக்கெட் மசாலாவைக் கொட்டின கதை. இரைச்சலைக் குறைக்கிறேன் என்று போனவர்கள் அதோடு சேர்த்து அந்தக் கூடத்தின் காற்றையும் துடைத்து எடுத்துவிடுகிறார்கள். பின்சுவரை ஒட்டியிருந்த வயலின்கள் திடீரென்று பாடகர் மடியில் வந்து உட்கார்ந்திருக்கும்.

1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தது, இருவரும் பிரிந்தார்கள். காரணம் என்ன என்று ஆராய்ச்சி செய்ய நான் வரவில்லை. ராமமூர்த்தி தனியாகச் செய்த படங்கள் குறைவு. ஆனால் ‘மறக்க முடியுமா’வில் (1966) கருணாநிதி எழுத சுசீலா பாடிய காகித ஓடத்துப் பாட்டு ஒன்று போதும், அவர் யார் என்று சொல்ல. விஸ்வநாதன் அதற்குப் பிறகு பத்து ஆள் வேலையைத் தனியாகப் பார்த்தார். அபாரமான பாட்டுகள். ஆனாலும் இடையிசையில் எனக்கு ஒரு வித்தியாசம் கேட்கிறது: வண்ணம் கூடியது, அந்த இழைவு குறைந்தது. 1995-இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்கு இருவரும் மறுபடி சேர்ந்தார்கள், காலம் கடந்துவிட்டிருந்தது. 2013-இல் ராமமூர்த்தியும் 2015-இல் விஸ்வநாதனும் போனார்கள்.

இவ்வளவு சொல்லியும் பாக்கி இருப்பது வாசித்தவர்கள். இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத் தாளில் படத்தின் பெயர், பாடியவர் பெயர், இசையமைத்தவர் பெயர் இருக்கும். குழல் ஊதியவர் பெயர் இருக்காது. அக்கார்டியன் மங்களமூர்த்தி, டிரம்ஸ் நோயல் கிராண்ட், குழல் நஞ்சப்பா, சிதார் ஜனார்தன், ஷெனாய் சத்யம், வாத்தியங்களை ஒழுங்குபடுத்திய ஜோசப் கிருஷ்ணா, ஹென்றி டேனியல், வாயாலேயே பறவைகளைக் கூவவைத்த சதன் என்று சில பெயர்கள், ரசிகர்களும் சக கலைஞர்களும் சொல்லிச் சொல்லி நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எந்தப் பாட்டில் எந்தத் துண்டை யார் வாசித்தார் என்ற கணக்கு பெரும்பாலும் எழுதப்படவே இல்லை. வயலின் வரிசையில் பின்னால் உட்கார்ந்தவர்கள் பெயர் அறவே இல்லை.

குடும்பக் குழுவில் தினமும் காலையில் ஒரு பழைய பாட்டை அனுப்பி வைக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அனுப்பும்போது, எத்தனையாவது நிமிடத்தில் எந்த வாத்தியத்தைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். உங்கள் தெருவில், உறவில், அந்தக் காலத்து ஒலிப்பதிவுகளில் வாசித்த பெரியவர் யாராவது இருந்தால், ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்து, எந்தெந்தப் பாட்டுக்கு என்னென்ன வாசித்தார், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டுத் தேதி போட்டு எழுதி வையுங்கள். அவர்களில் பலருக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது.